மூன்றாவது பூச்சு

வெளியே மாமரத்தடியில் நிற்கும் கார் உங்களுடையதுதானே, இன்ஸ்பெக்டர் ஐயா? பம்பர் நரைத்துப்போயிருக்கிறது. கல்முனையில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் கரைச்சல் உண்டு. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும் என்று பயந்து அதற்கு மட்டும் எண்ணெய் பூசுவார்கள். பிளாஸ்டிக்கை ஒருவரும் கவனிப்பதில்லை. அது துருப்பிடிக்காதுதான். ஆனால் வெயிலில் வெளிறி, சாம்பல் பூத்து, கிழடு தட்டிவிடும். ஒரு நாள் வேலை. வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நீங்கள் சபியா உம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சபியா உம்மா என் மாமி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அவருடைய மூத்த மகள் நதீராவை முடித்து அப்படித்தான் போனேன். மாமனார் அப்துல் ஹமீட் போடியாருக்கு வயல்கள் இருந்தன. எண்பத்தொன்றில் கொழும்பிலிருந்து ஒரு ஜப்பான் கார் எடுத்தார். சிவப்புக் கார். பம்பர், கதவோரப் பட்டி, பக்கக் கண்ணாடியின் கூடு எல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக். அவருக்கு ஓட்டத் தெரியாது. நான் ஓட்டினேன். வயலுக்கு, பள்ளிவாசலுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கலியாண வீடுகளுக்கு. அவர் பின் சீற்றில் சாய்ந்துகொண்டு, "மெள்ளப் போங்க மருமகன்" என்பார். மெள்ளப் போனேன். ஊரில் என்னைப் பற்றி, மீராசாவைப் போல மருமகன் கிடைக்காது என்பார்கள். டிறைவர் என்று முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் போடியார் மௌத்தானார். மாமி இத்தாவில் அமர்ந்தார். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். புருஷனை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார், வெளி ஆண்களின் கண்ணில் படமாட்டார். மாமி எதையும் ஒரு பிடி கூட்டித்தான் செய்வார். மண்டபத்தை ஒட்டிய அறையில் வெள்ளைச் சீலையோடு இருந்துகொண்டு, ஜன்னலைப் பாயால் அடைக்கச் சொன்னார். நான்தான் ஆணி அடித்தேன். மருமகன் என்பதால் நான் அவர் முன்னால் போகலாம். வேறு ஆண் யாராவது வீட்டுக்குள் கால் வைத்தால் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார்.

இத்தா முடிந்ததும் சின்ன மகள் நபீலாவுக்குக் கலியாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. பெண் பார்க்க மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டின நேரத்தில் வந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. வாசற்படியில் தடுக்கியும் விழப் பார்த்தார். வீட்டுப் பெண்கள் அதையும் ஒரு ஸ்டைலாக எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் பின்னேரம் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது மாமி குரலைத் தாழ்த்தினார்.

"மருமகன், ஒருத்தரிட்டயும் செல்லாதீங்க. பிள்ளைகளுக்கே நான் இன்னும் செல்லல்ல. கார நபீலாட மாப்பிள்ளைக்குக் குடுக்கப் போறன். இத்தா முடிஞ்ச அண்டைக்கே சாவியக் கையில வெப்பம். அந்தக் கறுப்புச் சாமான் எல்லாம் நரைச்சிக் கெடக்கு. அதுக்குள்ள பெயின்ட் அடிச்சி எடுத்திருங்க. உங்களப் போல ஆரு செய்வாங்க?"

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். அந்தக் காரின் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும். ஆனால் "சரி மாமி" என்றுதான் சொன்னேன். பெரியவர்களின் பேச்சைத் தட்டும் பழக்கம் என்னிடம் இல்லை.

பிளாஸ்டிக்கில் ஒரு வசதி இருக்கிறது, ஐயா. கழற்றி வீட்டுக்குள் கொண்டுவரலாம். எங்களைப் போலக் கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் அப்படிச் செய்வதுதான் புத்தி. வெளியே வைத்தால் மணல் பறந்துவந்து ஈரப் பெயின்டில் குந்திக்கொள்ளும். ஆகவே மண்டபத்தில் பழைய பாயை விரித்துச் சாமான்களை அடுக்கினேன். வாசலையும் ஜன்னல்களையும் சாக்குக் கட்டி அடைத்தேன். தூசிக்காகத்தான்.

மண்டபத்துக்கும் மாமியின் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையை முட்டாது. காற்று ஓடவேண்டும் என்று போடியார் அப்படிக் கட்டுவித்தார். அவர் நினைத்தபடி அன்றைக்கும் காற்று ஓடியது.

மாமிக்கு முட்டு வருத்தம். சாம்பிராணிப் புகைக்கே மூச்சு இழுக்கும். வீட்டில் இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதினால் சாம்பிராணிச் சட்டியை எடுத்து வெளியே வைக்கிறவன் நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வரவில்லை.

நதீராவும் நபீலாவும் கலியாணம் சொல்வதற்காகச் சம்மாந்துறைக்கு பஸ்ஸில் போயிருந்த நாள் அது. கராஜில் வேலை செய்யும் தங்கராசாவை வரச்சொன்னேன். உங்களிடம் வந்து வாயைத் திறந்தவன் அவன்தான் என்பது தெரியும். கோபமில்லை. அவனுக்கு அன்றைக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். ஒரு வேலையும் இல்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவினது நான், அரத்தாளால் தேய்த்தது நான், ஸ்பிறே பிடித்ததும் நான். அவன் கதிரையில் சும்மா இருந்தான். வீட்டுக்குள் ஒரு வெளி ஆண் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவன் குரல் கேட்டதும் மாமியின் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே கொண்டி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு றஹீமா, மாமியைப் பார்க்க வந்தாள். "உள்ளுக்கு வெளி ஆம்பிளை இரிக்காரு" என்றேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். நல்ல அடக்கமான பெண்.

முதல் பூச்சு அடிப்பூச்சு. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்காது, நகம் பட்டாலே தோலாக உரியும். தின்னரைக் கொஞ்சம் தாராளமாகக் கலந்தேன். மாமி இருமத் தொடங்கினார். தங்கராசா எழும்பினான். என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவன் அவன்.

"காக்கா, உம்மா இருமுறா. நான் வெளிய போய் நிக்கட்டா? அவ கதவத் திறப்பா."

"இரி தங்கராசா. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

வந்தவனை வெளியே நிறுத்தும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதன் பிறகு கறுப்பு அடித்தேன். கதவு மெதுவாகத் தட்டுப்பட்டது.

"மருமகன், அந்த ஆளக் கொஞ்சம் விறாந்தைக்கு அனுப்புங்களன். நெஞ்சு அடைக்குது."

"இந்தா முடியிது மாமி. இத்தாவக் கெடுத்துக்காதீங்க."

பின்னேரம் பிள்ளைகள் வந்து கூப்பிட்டும் பதில் இல்லை. கதவை உடைத்தோம். மாமி கதவடியிலேயே கிடந்தார். முக்காடு சரியாகத்தான் இருந்தது.

மய்யித்து வீட்டில் ஊரே கூடியிருக்க, நதீரா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"வருத்தக்கார மனுஷிய வெச்சிக்கிட்டு, என்னத்துக்கு வீட்டுக்குள்ள பெயின்ட் அடிச்சீங்க?"

எல்லாக் கண்ணும் என் மேல். ஒரு காரணம் சொல்லியாகவேண்டும். அவசரத்தில் உண்மைதான் வாயில் வந்தது.

"மாமிதான் அடிக்கச் சொன்னாங்க. கார நபீலாட மாப்பிள்ளைக்குக் குடுக்க ஆசப்பட்டாங்க."

வீடே விம்மி அழுதது. பள்ளிவாசல் லெப்பை எழுந்தார். "அப்ப இது மௌத்தானவங்கட வஸிய்யத்து. நிறைவேத்தத்தான் வேணும்" என்றார். வஸிய்யத்து என்றால் இறந்தவர் விட்டுப்போன கட்டளை. அதை யாரும் தள்ளமாட்டார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த ஆசை மாமியோடு மண்ணுக்குள் போயிருக்கும், சாவி என் இடுப்பிலேயே இருந்திருக்கும். "தனக்கு வாராத காருக்குத் தானே சாட்சி செல்றான், நேர்மையான மனுஷன்" என்று என் தோளைத் தட்டினார்கள். லெப்பை இன்னொன்றும் சொன்னார், நோய் வருத்தம் என்றால் இத்தாவில் வெளியே வரலாம், பாவம், மனுஷிக்கு அது தெரியவில்லையே என்று. எனக்குத் தெரிந்திருந்தது. பள்ளிவாசலில் அவர் பயான், அதாவது பிரசங்கம், சொல்லும்போது கேட்டிருக்கிறேன்.

சாவியை என் கையாலேயே கொடுத்தேன். சின்ன மாப்பிள்ளை காரைப் பின்னுக்கு எடுத்து, வளவுக் கேற்றில் பின் பம்பரை உரசினார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

தங்கராசா சொன்னதில் பொய் இல்லை, ஐயா. இரண்டாவது பூச்சு முடிந்ததும் அவன் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். தான் போனால் மாமி கதவைத் திறப்பார் என்று நினைத்திருப்பான். மாமி திரும்பவும் தட்டினார்.

"அந்த ஆள் போயிட்டாரா, மருமகன்?"

"இன்னும் இரிக்காரு, மாமி."

பிளாஸ்டிக்குக்கு இரண்டு பூச்சுப் போதும். தட்டுகிற சத்தம் நிற்கும்வரை நான் மூன்றாவது பூச்சை அடித்தேன். நீங்கள் எழுதும்போது ஒன்றை மறக்காமல் எழுதுங்கள். கொண்டி உள்பக்கம்தான் இருந்தது. நான் யாரையும் பூட்டி வைக்கவில்லை.