அப்பாவுக்குச் சிவப்பு உள்ளுடுப்பு

"அக்கா, அப்பாவுக்குச் சிவப்பில உள்ளுடுப்பு அனுப்பப் போறன்."

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்து டிராமில் எனக்கு முன்னால் இருந்த பெண் இதை உரக்கவே சொன்னாள். சுற்றியிருப்பவர்களுக்குத் தமிழ் விளங்காது என்ற துணிச்சல். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உனக்கென்ன விசரே?" என்றாள் பக்கத்தில் இருந்த அக்கா.

"எங்கட ஆஸ்பத்திரியில இருக்கிற கொரியா நேர்ஸ் சொன்னவா. அவையின்ர ஊரில முதல் சம்பளத்தில தாய் தேப்பனுக்கு அதுதான் வாங்கிக் குடுக்கிறதாம். கைகால் முழுக்க மூடுற, சூடான உடுப்பு."

"கொரியாவில பனி கொட்டும். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு மனிசன் அவிஞ்சு போவார். உடம்புப் பலத்துக்குத் தின்னுற அவையின்ர ஜின்செங் வேர் இருக்கெல்லே, அதை அனுப்பன்."

"அது என்ர சம்பளத்துக்கு ஏலாது. இது ஏலும்."

"சிவப்பைப் போட்டுக்கொண்டு அவர் வெளியில போகேலுமே?"

"வேட்டிக்குள்ள ஆர் பாக்கப் போகினம்? அகதியெண்டு இஞ்ச ரெண்டு வருசம் வேலை செய்ய விடாமல் வச்சிருந்தவங்கள். இது என்ர முதல் சம்பளம். வாங்கத்தான் போறன்."

"எடியே, அங்க ஆருக்குக் குளிருது?"

அவள் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வீடு எரிஞ்ச நாளில இருந்து அப்பா கோயில் மண்டபத்துச் சீமெந்து நிலத்தில படுக்கிறார், அக்கா. மாரியும் துடங்கீட்டுது."

கடைத்தெருவில் டிராம் நின்றது. முதலில் எழும்பியது அக்காதான்.

"வா, ரெண்டாய் வாங்குவம். மழைக்குள்ள ஒண்டு காயிறதுக்கே நாலு நாள் செல்லும்."