மரத்தில் ஏறாத சகோதரர்

சபையாருக்கும் எஸ்டேட் நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், எனக்கு யார் மீதும் பொறாமை கிடையாது. மழைக்காலத்தில் முழங்கால் வலி உண்டு. மற்றபடி சுகமே.

வருகிற ஞாயிறு ஆராதனையில் நான் சாட்சி சொல்லப்போகிறேன். அதற்கு முன் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். குன்னூருக்குக் கீழே இருக்கும் எங்கள் எஸ்டேட் சபையில் ஒரு மனிதனின் மதிப்பே அவனுடைய சாட்சியில்தான். ஆண்டவர் தன்னை எதிலிருந்து தூக்கி எடுத்தார் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். குடியிலிருந்து, புற்றுநோயிலிருந்து, ஜெயிலிலிருந்து. எனக்குச் சிக்கலே அங்கேதான். பிறந்ததே கிறிஸ்தவனாக. குடித்ததில்லை, பீடிகூட இல்லை. சூப்பர்வைசர் வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை. "உங்களுக்கு ஒரு காய்ச்சலாவது உருப்படியா வந்திருக்குதாங்க? எந்திரிச்சு நின்னு என்னத்தைச் சொல்லுவீங்க?" என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி.

பிராங்ளினுக்கு அந்தக் குறை இல்லை. ஃபேக்டரியில் வேலை. முத்துராஜாக இருந்த காலத்தில் சம்பள நாளன்று அவரைச் சாக்கடையிலிருந்து தூக்கி வருவார்கள், நானே தூக்கியிருக்கிறேன். பிறகு ஞானஸ்நானம் எடுத்துப் பிராங்ளின் ஆனார். சாட்சிக்கு அதுவே போதும். போதாதென்று கரடியும் வந்தது.

அன்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தோம். தேயிலைக்கு நடுவே கரடி எழுந்து நின்றது. அவர் நின்ற இடத்திலேயே பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் சொன்னார். கரடி மூக்கை உறிஞ்சிவிட்டுப் போய்விட்டது. அது பசியில்லாத கரடி என்பது என் கருத்து. அடுத்த ஞாயிறு அவர் சபையில் எழுந்து, "என்கூட வந்த ஒரு சகோதரர் சில்வர் ஓக் மரத்துல ஏறிட்டாருங்க" என்றார். சபை சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார். நான் ஏறவில்லை. ஏற முயன்றேன். அந்த மரத்தில் கைக்கெட்டும் உயரத்தில் கிளை கிடையாது.

பிறகு அந்தச் சாட்சி ஊர் ஊராகப் போனது. கோத்தகிரி கன்வென்ஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கரடிக்குக் குட்டிகள் பிறந்திருந்தன. கூடலூரில் அது மண்டியிட்டது. நான் மட்டும் எல்லா ஊரிலும் மரத்திலேயே இருந்தேன். தேவாலாவிலிருந்து வந்த ஒருவர், "நீங்கதானே அந்த மரத்து பிரதர்?" என்று அன்போடு கை கொடுத்தார்.

பாஸ்டர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் குணத்தை ஜெயிப்பது பற்றிப் பிரசங்கம் செய்தார். நாம் யார் என்பதை அடுத்தவனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, கிறிஸ்துவுக்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். முழு மனதோடு ஏற்றுக்கொண்டேன். அதை வைத்து வாலிபர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பே எடுத்தேன். பிராங்ளின் பிரதர் எடுப்பதைவிட நன்றாக இருந்தது என்று ஒரு பெண் சொன்னாள்.

அந்த வகுப்புக்குத் தயாரிக்கும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பிராங்ளினைக் காப்பாற்றியது ஆண்டவர் என்றால், கரடி இன்னொரு முறை வந்தாலும் காப்பாற்றுவார். பசியில்லாததுதான் காரணம் என்றால், அதைச் சபை தெரிந்துகொள்வது நல்லது. நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. சரிபார்க்க நினைத்தேன்.

எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் கரடி எவ்வளவு தூரமும் வரும் என்பது எங்கள் எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளைக் காப்பகத்துச் சமையலறைக்கு இரும்புக் கதவு போடச் சொன்னவனே நான்தான். விடியற்கால ஜெபத்துக்குச் சபையைத் திறக்க பிராங்ளின் தேயிலைக்குள் ஒரு குறுக்குப் பாதையில் வருவார். அந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாதை வளைவில் எண்ணெய்க் கசடில் வெல்லத்தைப் பிசைந்து வைத்தேன். கரடி வந்து தின்றுவிட்டுப் போனது. தொடர்ந்து வைத்தேன். அது நேரம் தவறாமல் வரப் பழகிக்கொண்டது; மிருகத்துக்கு ஒழுங்கு உண்டு. பிறகு ஒருநாள் வைக்காமல் விட்டேன்.

அன்று பனிமூட்டம் அவ்வளவாக இல்லை. நான் மேலே பங்களா வேலி ஓரமாக நின்றேன். பிராங்ளின் வளைவில் திரும்பினார். அது எழுந்து நின்றது. அவர் சங்கீதத்தை ஆரம்பித்தார். முதல் இரண்டு வசனங்கள் தெளிவாகக் கேட்டன. அதற்கு மேல் கரடி பொறுக்கவில்லை. கீழே விழுந்தபோது அவர் என்னைப் பார்த்துவிட்டார். "அண்ணா, இங்க வராதீங்க, மரத்துல ஏறிக்கங்க" என்று கத்தினார்.

அப்போதும் அவர் அந்த மரத்தை விடவில்லை.

என் கழுத்தில் விசில் இருந்தது. ஊதினால் கரடி ஓடிவிடும் என்று ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனும் நான்தான். மூன்றாம் வசனம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். வரவில்லை.

வனத்துறை கூண்டு வைத்து ஒரு கரடியைப் பிடித்து அவலாஞ்சி பக்கம் கொண்டுபோய் விட்டது. அதே கரடிதானா என்று எனக்குத் தெரியாது. சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கத்தை நான் சுமந்தேன். பிராங்ளினின் மனைவி வாசுகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊட்டுல தெனமும் உங்களுக்காக ஜெபம் பண்ணுவாருங்கண்ணா. சபையில உங்களப் பார்த்து சிரிக்க வச்சுட்டமேன்னு அவருக்கு ஒரே வெசனம்" என்றாள். சரி என்றேன். எனக்கு அன்று முழங்கால் வலி அதிகம்.

இப்போது நிம்மதியாக இருக்கிறது. பிராங்ளினோடு என்னை ஒப்பிட்டுப் பார்ப்பதை அறவே விட்டுவிட்டேன். நான் யார் என்று எனக்குத் தெரியும். ஒரு மனிதனைக் கரடிக்குக் கொடுத்தவன். அந்தப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு என்று அறிந்த தேவ பிள்ளை. இந்த வயதில் எனக்கும் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. சொல்லி முடித்த பிறகு போலீஸ் வரட்டும், நானே போய் ஜீப்பில் உட்கார்ந்துகொள்கிறேன். இந்த மலையில் இப்படி ஒன்றை இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஞாயிறன்று வாசுகியும் சாட்சி சொல்கிறாளாம். அவள் அழுதால் சபை முழுக்க அழும். அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் எடுபடாது. என்னை முதலில் கூப்பிடும்படி பாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன்.