பளபளக்கும் தட்டில் ஒரு மோதிரம்

விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை செல்லும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். இருவரும் பீங்கான் பட்டறையில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் என்பதைச் சேலைகளில் படிந்திருந்த வெண்மண்ணே அறிவித்தது. மூத்தவர் ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பேசியதைப் பேசியவாறே வைக்கிறேன். அவர்கள் பேச்சில் என் சொல் ஒன்றையும் சேர்க்கவில்லை.

“என்னாடி இது, மோதிரத்த எடுக்கச் சொன்னா நெலாவ எடுத்து வெச்சிருக்கிற?”

“வூட்ல தட்டுல வெச்சுத்தான்க்கா எடுத்தேன்.”

“கோயில்ல குடுத்த கல்யாண சர்ட்டிபிகேட்டு, ஒன் வூட்டுக்காரரு பாஸ்போர்ட்டு காப்பி எல்லாம் பளிச்சுன்னு இருக்குது. மோதிரத்துக்குள்ள வெட்டுன பேரு மட்டும் ஒரு எழுத்துகூட தெரியல. துபாய் ஆஸ்பத்திரில கெடக்குற ஒடம்புக்கு மொகமே அடையாளம் இல்லியாம். அந்தக் கையில இருக்குற மோதிரத்துக்கு இது ஜோடியான்னு பாக்கத்தானே கேக்குறாங்க?”

“ஆமாங்க்கா.”

“கிளேஸ் பூசி கண்ணாடியாட்டம் பளபளக்குற தட்டுல வெச்சு பிளாஷ் அடிச்சா மின்னாதா? தெனமும் கிளேஸ்ல கைய முக்குறவ, இதுகூடத் தெரியாதா ஒனக்கு? நாளைக்கு கிளேஸ் போடாத தட்டு ஒண்ணு தரேன். சன்னலோரமா வெச்சு எடு.”

இளையவர் கேமராவை வாங்கி மடியில் வைத்து முந்தானையால் மூடினார்.

“தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வெச்சேன். அந்த எழுத்து தெரியாத வரைக்கும், அவரு ஏதோ கோவத்துல போன் எடுக்காம இருக்காரு. அவ்ளோதான்.”