மூச்சு மட்டும் அவனுடையது

என் தம்பியைப் பற்றி அவனே அறியாத பெருமைகளையெல்லாம் அறிவித்து அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையை முந்திக்கொண்ட பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையும் பொறுத்துக்கொள்ளப்போகும் தாய்மார்களே, வணக்கம்.

ஏற்புரை சொல்ல வேண்டியது நானல்ல; தம்பி. கடல் கடந்து நடிப்பவன், குழல் ஊதுபவன், இதோ விருதை மடியில் வைத்துத் தலைகுனிந்திருப்பவன். சற்றுமுன் காதருகே சொன்னான்: "அக்கா, நீயே பேசிடு. என் தமிழைக் கேட்டா சிரிப்பாங்க."

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை.

அங்கே என்ன வேடம் கொடுத்தார்கள் இவனுக்கு? கடைக்காரன். காரோட்டி. கதவைத் திறந்து, குனிந்து, காணாமல் போகிறவன். வேடம் மாறியது, பேச்சு மாறவில்லை. நம்மவர் இப்படித்தான் பேசுவார் என்று அவர்கள் நினைத்த பேச்சு. படப்பிடிப்பில் பேசினான். வீட்டில் ஒத்திகை பார்த்தான். நாக்குதானே? பழகிவிட்டது. தமிழ் பேசினாலும் அதே சாயல் வந்தது.

பிறகு ஒரு பெரிய படம். குழல் வாசிக்கும் மனிதன் வேடம். படம் தமிழிலும் வருகிறது என்றதும், தானே பேச ஓடிவந்தான். காரணம், அப்பா. அவருக்குப் பார்வை போயிருந்தது. மகனைக் காதால்தான் பார்க்க முடியும்.

ஒலிப்பதிவுக்கூடம். கண்ணாடிக்கு அப்பாலிருந்து டப்பிங் இயக்குநர் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க முகத்துக்கு இந்தக் குரல் ஒட்டல."

சொந்த முகம். சொந்தக் குரல். ஒட்டவில்லை. யாரிடம் போய் முறையிடுவது?

அப்பாவிடம் சொல்லாமலே விமானம் ஏறினான். திரையரங்குக்கு அவரை நான்தான் அழைத்துப்போனேன்.

"யாரும்மா பேசறது?"

"தம்பிதான்பா."

"இல்ல. இவன் வேற எவனோ."

பின்னாலிருந்து ஒருவர்: "பெரியவரே, படம் பாக்க விடுங்க."

"நானும் அதுக்குத்தாம்ப்பா வந்தேன்."

டப்பிங்கில் வசனத்தை மாற்றுவார்கள், இசையைத் தொடமாட்டார்கள். குழல் காட்சி வந்தது. ஊதுமுன் ஒரு மூச்சு. சின்ன வயதிலிருந்தே மூக்கடைத்த மூச்சு. இழுத்தால் லேசாக விசிலடிக்கும். அப்பா என் கையைப் பிடித்தார்.

"வந்துட்டான்."

வாசிப்பு முடிந்ததும் எழுந்துவிட்டார். "போலாம்மா. மிச்சத்த அந்த இன்னொருத்தன் பேசிக்குவான்."

அடுத்த முறை தம்பி வந்தபோது அப்பா இல்லை. குரல் கேட்காமலே போய்விட்டார் என்றுதான் இத்தனை நாளும் இவன் நினைத்திருக்கிறான். நானும் சொல்லவில்லை. இப்போதுதான் கேட்கிறான், உங்களோடு சேர்ந்து.

உலகமே இவனைக் கேட்டது என்றார் தலைவர். எந்த உலகம்? எதைக் கேட்டது? உலகம் கேட்டதெல்லாம் ஒட்டவைத்த குரல். ஒருவர் கேட்டார் ஒரு மூச்சு. அந்த ஒருவர் போதுமா? போதாது தம்பி. போதவே போதாது. ஆனால் அவர் கேட்டார்.

ஒலிவாங்கி உன்னுடையது. தப்பாகப் பேசு. தடுக்கித் தடுக்கிப் பேசு. இங்கே கண்ணாடிக்கு அப்பால் யாரும் இல்லை. முதலில் மூச்சை இழு. வந்துவிட்டாய் என்று தெரிந்துகொள்கிறோம்.

அவையோரே, எனக்குக் காட்டிய பொறுமைக்கு நன்றி. மிச்சமிருந்தால் அவனுக்கும் கொடுங்கள். வணக்கம்.