ஒரு கை வித்தியாசம்

வெள்ளையம்மாள்: ...சோறு எங்கயும் ஓடிப் போகாது. நோட்டு எங்க, அதைச் சொல்லுங்க.

சின்னையா: எந்த நோட்டு?

வெள்ளையம்மாள்: சங்கத்து நோட்டுதான். ஒம்போது வருஷமா ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சா அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவீங்க. இன்னிக்குக் கையை வீசிக்கிட்டு வர்றீங்க.

சின்னையா: பொன்மலையிலயே வச்சிட்டு வந்துட்டேன். பசிக்குது புள்ள.

வெள்ளையம்மாள்: மணி மூணாகுது. ஒன்றரை வண்டி வந்து போனது எனக்குத் தெரியும். ஸ்டேஷன்லேருந்து வீட்டுக்கு ஒன்றரை மணி நேரமா நடந்தீங்க?

சின்னையா: அம்மா மண்டபத்துப் படியில கொஞ்சம் உக்காந்திருந்தேன். ஆத்துல தண்ணி நல்லா போகுது...

வெள்ளையம்மாள்: தண்ணி ஆடி மாசத்துலேருந்து போகுது. இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சாக்கும்.

சின்னையா: நீ போலீசுல சேந்திருக்கணும்.

வெள்ளையம்மாள்: பொம்பளைங்களைச் சேத்துக்கிட்டா நாளைக்கே சேருவேன். உக்காருங்க. இந்தப் பக்கம் திரும்பி, என்னைப் பாத்து உக்காருங்க. கூட்டத்துல என்ன நடந்துச்சு?

சின்னையா: எப்பவும் நடக்குறதுதான். பாய்லர் ஷாப்புல முன்னூறு பேரு கை கழுவ ஒரே குழாய் இருக்கே, இன்னும் ரெண்டு குழாய் கேக்கணும்னு பேச்சு. அதுலயே முக்கால் மணி நேரம் போச்சு. அப்புறம் சங்க ஆபீஸ் பெஞ்சு. கால் ஆடுதுன்னு ஒருத்தன் எழுந்தான். நாலு மாசமா அமிர்தராஜ் சரி பண்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. கேட்டா, நாகப்பட்டணத்துல ரயில்வே ஒர்க்ஷாப் இருந்தப்ப செஞ்ச பெஞ்சு அது, ஆடுறது பெஞ்சு இல்ல, உங்க தரைதான்னுட்டாரு.

வெள்ளையம்மாள்: தச்சர் வாயில தப்பே வராது.

சின்னையா: எல்லாரும் சிரிச்சாங்க.

வெள்ளையம்மாள்: சரி... பெஞ்சுக்கு அப்புறம்?

சின்னையா: அப்புறம் என்ன, வருஷக் கூட்டமாச்சே. எலெக்ஷன்.

வெள்ளையம்மாள்: அதான் வருஷா வருஷம் நடக்குதே. உங்க பேரைச் சொல்லுவாங்க, எல்லாரும் கை தட்டுவாங்க, டீ குடிச்சிட்டுக் கலைவீங்க.

சின்னையா: இன்னிக்கு ரெண்டு பேரைச் சொன்னாங்க.

வெள்ளையம்மாள்: ...ரெண்டாவது யாரு?

சின்னையா: பாக்கியநாதன்.

வெள்ளையம்மாள்: எந்தப் பாக்கியநாதன்? மெஷின் ஷாப்புல இருக்கானே, நம்ம...

சின்னையா: நம்ம பாக்கியநாதன்தான். அவனுக்குத்தான் வந்துச்சு. அவன்தான் இனிமே காரியதரிசி. நோட்டும் அவன்கிட்டதான் இருக்கு. போதுமா? ஒரே ஒரு கைதான் வித்தியாசம்.

வெள்ளையம்மாள்: அந்த ஒரு கை எவனோடது?

சின்னையா: நூறு பேருக்கு மேல இருந்தாங்க. எவன் கையின்னு எப்படிச் சொல்றது?

வெள்ளையம்மாள்: டைபாய்டுல கெடந்தானே அந்தப் பய, இதே இடத்துல. இருபத்தி ரெண்டு நாள் கஞ்சி வச்சுக் குடுத்தேன். பெத்தவ வேதாரண்யத்துலேருந்து வந்து சேர்றதுக்குள்ள எழுப்பி உக்கார வச்சிட்டேன். அதுக்கு இதுதான் மரியாதையா?

சின்னையா: வெள்ளை, மெதுவா...

வெள்ளையம்மாள்: நான் ஏன் மெதுவாப் பேசணும்? ஸ்ட்ரைக் தோத்துப் போனப்ப சங்கம்னு வாயால சொல்லவே ஆளுங்க பயந்தாங்க. பன்னெண்டு பேரை வச்சுக்கிட்டு ஆரம்பிச்சது யாரு? அப்ப இந்தப் பாக்கியநாதன் ஸ்கூல்ல படிச்சிக்கிட்டு இருந்தான். நாளைக்கு ஒர்க்ஷாப் கேட்டுக்கே போயி நிக்கிறேன். நாலு பேரு முன்னாடி கேக்கறேன்.

சின்னையா: அந்தப் புள்ளையை ஒண்ணும் கேக்காத. அவன் மேல தப்பு இல்ல.

வெள்ளையம்மாள்: அப்ப யாரு மேல தப்பு? அவன் பேரைச் சொன்னவன் மேலயா? எவன் அவன்?

சின்னையா: அதை விடு புள்ள.

வெள்ளையம்மாள்: கலீல் பாயா? தலைவர் நாற்காலியில உக்காந்துக்கிட்டு அவரே இந்த வேலையைப் பாத்தாரா?

சின்னையா: கலீல் செய்வானா? அவனைச் சொல்லச் சொல்லி ஒரு மாசம் கெஞ்சினேன், மாட்டேன்னுட்டான். உன் கழுத்தை நீயே அறுத்துக்க, என் கையில கத்தியைக் குடுக்காதன்னுட்டான்.

வெள்ளையம்மாள்: அப்ப சொன்னது யாரு?

சின்னையா: நான்தான் சொன்னேன். பாக்கியநாதன் பேரை நான்தான் எழுந்து சொன்னேன்.

வெள்ளையம்மாள்: ஏன்?

சின்னையா: வயசாகுதுல்ல...

வெள்ளையம்மாள்: நாப்பத்தாறு.

சின்னையா: எளவட்டம் ஒருத்தன் வரட்டுமேன்னு...

வெள்ளையம்மாள்: போன வருஷம் வராம?

சின்னையா: அவனுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். துரைங்க கிட்டப் பேசணும்னா...

வெள்ளையம்மாள்: ஒம்போது வருஷமா எந்த இங்கிலீஷை வச்சுக்கிட்டுப் பேசுனீங்க? சும்மா சாக்குச் சொல்லாதீங்க. அவன் ஏதோ பண்ணி உங்களை இறக்கிட்டான். நீங்க மூடி மறைக்கிறீங்க. நாளைக்கு நான் கேட்டுக்குப் போறது போறதுதான்.

சின்னையா: போகாத வெள்ளை. நான் சொல்றேன்... சித்திரையில பெரிய துரையைப் பாக்கப் போனோம்ல, நானும் அவனும்.

வெள்ளையம்மாள்: வண்டி விஷயமா.

சின்னையா: ஆமா. சாயங்கால வண்டி விஷயம். துரை ரொம்ப நல்ல மனுஷன், ஆனா வாயைத் திறக்காமயே பேசுவாரு. மேசையில இருந்த காயிதத்தைப் பாத்துக்கிட்டே என்னமோ கேட்டாரு. குழாய் விஷயமா இருக்கும்னு நெனச்சு நான் 'எஸ் சார்'னேன். அவரு பேனாவை எடுத்துட்டாரு. பக்கத்துல பாக்கியநாதன் பதறிப் போயி எழுந்து நின்னான். எங்க காரியதரிசிக்குக் கேள்வி புரிஞ்சுதுன்னுதான் எஸ்ஸுன்னாரு, சம்மதம்னு இல்ல, கிளைக் கூட்டத்துல கேட்டு எழுத்துல பதில் தருவோம்னு மடமடன்னு சொன்னான்.

வெள்ளையம்மாள்: துரை என்ன கேட்டாராம்?

சின்னையா: சாயங்கால வண்டியை அரை மணி தள்ளி விடலாமா, உங்க ஆளுங்களுக்குச் சம்மதமான்னு கேட்டிருக்காரு. நான் சம்மதம்னுட்டேன். இந்தப் பக்கம் நம்ம ஸ்ரீரங்கம், அதைத் தாண்டி லால்குடி வரைக்கும் எத்தனை பேரு அந்த வண்டியில வீட்டுக்குப் போறான். வேலை முடிஞ்சு அரை மணி தினம் பிளாட்பாரத்துல நிப்பான். அதுக்கு எம் பேரை எழுதியிருப்பாங்க.

வெள்ளையம்மாள்: அந்த அரை மணியைக் காப்பாத்தத்தானே போனீங்க.

சின்னையா: அதைக் காப்பாத்தத்தான் போனேன்.

வெள்ளையம்மாள்: வெளியில வந்து அவன் என்ன சொன்னான்?

சின்னையா: ஒண்ணும் சொல்லல. வெயில் ஜாஸ்தி, மோர் குடிப்போமான்னான். இன்னிய வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. ஆனா அதுலேருந்து எங்க போனாலும் எனக்கு வலது பக்கமாத்தான் நடப்பான். வலது பக்கமாத்தான் உக்காருவான்.

வெள்ளையம்மாள்: வலது பக்கம் ஏன்?

சின்னையா: ...இடது பக்கம் சுத்தமாப் போச்சு வெள்ளை.

வெள்ளையம்மாள்: என்ன போச்சு?

சின்னையா: காது. எனக்குக் காது கேக்கல.

வெள்ளையம்மாள்: சொல்லுங்க.

சின்னையா: இருபது வருஷமா பாய்லருக்கு உள்ள உக்காந்து ஆணி அடிக்கிற வேலை. அங்க எல்லாருக்குமே கொஞ்சம் மந்தம்தான். எனக்கு மந்தம் இல்ல, போயே போச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி தேர் அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. மேளம் நம்மளைத் தாண்டிப் போச்சுல்ல... தவில் கேக்குது. நாயனம் கேக்கல. நாயனக்காரர் கன்னத்தை உப்பிக்கிட்டு ஊதுறாரு, விரல் ஓடுது, எனக்கு ஒண்ணும் வரல. ஜனமெல்லாம் தலையை ஆட்டுச்சு. நானும் ஆட்டினேன்.

வெள்ளையம்மாள்: பக்கத்துல நான் நின்னேன்.

சின்னையா: நீ நின்னே. உன்கிட்டச் சொல்லணும்னுதான் வீட்டுக்கு வந்தேன். வாய் வரல. அப்புறம் நாளாயிடுச்சு... நாளானா இன்னும் சொல்ல முடியல.

வெள்ளையம்மாள்: கூட்டமெல்லாம் எப்படி நடத்துனீங்க?

சின்னையா: வாயைப் பாத்துத்தான். நூறு பேருல ஒருத்தன் பேசினா வாயைப் பாக்கலாம். நாலு பேரு ஒண்ணாப் பேசினா எந்த வாயைப் பாக்குறது? கலீலுக்கு மட்டும் சொன்னேன். அவன் எல்லாத்தையும் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் காட்டுவான். தலைவர்னா அப்படித்தான் போலன்னு புதுப் பசங்க நெனச்சிருப்பாங்க. அந்தத் துரை விஷயத்துக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கம் போச்சு. எனக்குக் கேக்கலன்னா நான் மாத்திரம் கேக்காம இருக்கலாம். ஆயிரம் பேருக்கு ஏன்?

வெள்ளையம்மாள்: அதனால அவனைக் கேட்டீங்க.

சின்னையா: மூணு தடவை கேட்டேன். முதல் தடவை சிரிச்சான். ரெண்டாவது தடவை கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான். மூணாவது தடவை எங் கையைப் புடிச்சிக்கிட்டு, அண்ணே, நாற்காலியில நீங்க இருங்க, காதுக்கு நான் இருக்கேன்னான். சரி, இவன் வர மாட்டான்னு விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை அவனாவே வந்து நிக்கிறேன்னான். கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு.

வெள்ளையம்மாள்: ம்.

சின்னையா: என்ன?

வெள்ளையம்மாள்: ஒண்ணுமில்ல. ஓட்டு எப்படிப் போச்சு? முழுசாச் சொல்லுங்க.

சின்னையா: நான் எழுந்து அவன் பேரைச் சொன்னதும் ஒரே கூச்சல். எனக்கே கேட்டுச்சுன்னா பாத்துக்கயேன். அமிர்தராஜ் அந்த ஆடுற பெஞ்சு மேலயே ஏறி நின்னுட்டாரு. சின்னையாவுக்கு உடம்பு சரியில்ல, அவன் சொன்னதைக் கணக்குல எடுக்கக் கூடாதுன்னாரு. கலீல்தான் எல்லாரையும் உக்கார வச்சு, கை தூக்கச் சொல்லி எண்ணினான். எனக்கு அம்பத்தேழு. அதுல பாக்கியநாதன் கையும் ஒண்ணு.

வெள்ளையம்மாள்: அவனே உங்களுக்குத் தூக்கினானா?

சின்னையா: ரெண்டு கையையும் தூக்கப் பாத்தான், பக்கத்துல இருந்தவன் ஒண்ணை இறக்கி விட்டான். அப்புறம் அவனுக்கு எண்ணினாங்க. அதுவும் அம்பத்தேழு. ஷாப் ஷாப்பா போயி எனக்குப் போடாதீங்க, எனக்குப் போடாதீங்கன்னு ரெண்டு நாள் கேட்டிருக்கேன், அப்பவும் பாதிப் பேரு கேக்கல. கலீல் என்னைப் பாத்தான். சின்னையா, நீ இன்னும் கையைத் தூக்கலன்னான். அது மட்டும் வாயைப் பாக்காமயே எனக்குப் புரிஞ்சுது.

வெள்ளையம்மாள்: தூக்கினீங்க.

சின்னையா: தூக்கினேன். அவனுக்கு. எங் கைதான் அது.

வெள்ளையம்மாள்: ...கனமா இருந்துச்சா?

சின்னையா: இருந்துச்சு. பாய்லர் தகட்டைத் தூக்கின மாதிரி இருந்துச்சு. ஒம்போது வருஷம், வெள்ளை... அப்புறம் நோட்டை எடுத்து அவன் மடியில வச்சேன். அதுல முதல் தீர்மானம் அவனே எழுதினான், எங்கிட்டக் காட்டினான். குழாய் விஷயமா புதன்கிழமை துரையைப் பாக்கப் போகும்போது சின்னையா அண்ணனும் கூட வரணும்னு. அமிர்தராஜ் வழிமொழிஞ்சாரு.

வெள்ளையம்மாள்: போவீங்கள்ல?

சின்னையா: போகாம? பேச அவன் இருக்கான். துரை முகத்தைப் பாக்க நான் இருக்கேன். எந்த இடத்துல இறங்கி வருவாருன்னு அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆனா கூட்டம் முடிஞ்சு வண்டியில ஏறினப்ப... பாலத்துல வர்றப்ப... சரி விடு. அதான் அம்மா மண்டபத்துல உக்காந்துட்டேன்.

வெள்ளையம்மாள்: அழுதீங்களா?

சின்னையா: முகம் கழுவுனேன்.

வெள்ளையம்மாள்: நல்ல வேலை பண்ணுனீங்க. நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது.

சின்னையா: சொல்லு.

வெள்ளையம்மாள்: வியாழக்கிழமை நான் பொன்மலைக்குப் போனேன். பாக்கியநாதன் வீட்டுக்கு.

சின்னையா: நீயா? எதுக்கு?

வெள்ளையம்மாள்: நின்னுடுப்பான்னு சொல்றதுக்கு. அவன் திரும்பத் திரும்ப முடியாதுன்னான். அவருக்குக் காது போயி ரெண்டு வருஷம் ஆகுதுப்பா, நீ காதா இருக்குறது ஒனக்குப் பெருமை, அவருக்கு ஒவ்வொரு நாளும் பயம், அந்தப் பயத்தோட அவரு சோறு எறங்காம உக்காந்திருக்குறதை நான்ல பாக்குறேன்னேன். அப்பதான் அழுதான். கேட்டுக்கிட்டான்.

சின்னையா: உனக்கு எப்படித் தெரியும்? கலீல் சொன்னானா?

வெள்ளையம்மாள்: அவரு ஏன் சொல்லணும்? போன மாசம் வாசல்ல நீங்களும் அவரும் ரகசியம் பேசுனீங்க. காது கேக்காதவரு ரகசியம் பேசினா மேலூர் ரோடு வரைக்கும் கேக்குது. பால்காரருக்கும் தெரியும். ஆனா அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தேர் அன்னிக்கு நாயனக்காரர் ஊதி முடிச்ச அப்புறமும் நீங்க தலையை ஆட்டிக்கிட்டு நின்னீங்க.

சின்னையா: ...அதனாலதான் ரெண்டு வருஷமா எதுக்க வந்து நின்னு பேசுறியா.

வெள்ளையம்மாள்: பின்ன? அடுப்படியிலேருந்து கூப்பிட்டா வர்றீங்களா?

சின்னையா: எல்லாம் தெரியும். அவனை நிக்கச் சொன்னதே நீ. அப்புறம் எதுக்குடி இவ்வளவு நேரம் அந்தப் புள்ளையைப் போட்டு அந்தத் திட்டுத் திட்டுனே? கேட்டுக்குப் போயி நிக்கிறேன்னு...

வெள்ளையம்மாள்: அவனைத் திட்டினா அவனைக் காப்பாத்தவாவது உண்மையைச் சொல்லுவீங்கன்னுதான். கலீல் பாய்கிட்டச் சொன்னீங்க, அவன்கிட்டச் சொல்லாமலே சொன்னீங்க. காது கேக்கலன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களான்னு ரெண்டு வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன்ல... இலையைப் போடுறேன், வாங்க.