சோகப் பாட்டில் ஒரு தயிர்க்காரி

செல்வம்மாள்: நிறுத்துங்கப்பா... ஒருத்தர் பேசி முடிச்சப்புறம் இன்னொருத்தர் பேசுங்க. சினிமாக் கொட்டாய்க்கு இன்னும் கூரையே போடல. அதுக்குள்ள என் கொல்லையில சண்டையா?

ராஜப்பன்: சண்டை இல்லைங்கக்கா. இது உரிமைப் பிரச்சினை. வெள்ளிக்கிழமை ஓசூர் பஸ்ஸுல படப்பெட்டி வந்து இறங்குது. பெட்டிக்கு மாலை போட்டு, தலையில ஏத்தி, முனிராஜ் பேண்டு முன்னால வாசிச்சுக்கிட்டு வர, ஊரைச் சுத்திக் கொட்டாய்க்குக் கொண்டாரணும். அந்தப் பெட்டியை யாரு தூக்கறது? நம்ம உத்தனப்பள்ளி ஆளுங்கள்ல இந்தப் படத்தை முதல்ல பாத்தவன். இது ரசிகர் சங்கத்தோட தீர்மானம்.

ஜமீர்: தீர்மானம் கொண்டாந்தது யாருன்னு கேளுங்கக்கா. தலைவர் ராஜப்பன். அதை ஆமோதிச்சது யாரு? செயலாளர் ராஜப்பன்.

ராஜப்பன்: அன்னிக்குக் கூட்டத்துக்கு வேற ஆளு வரல பாய்.

ஜமீர்: வேற ஆளு இருந்தாத்தானே வர்றதுக்கு!

செல்வம்மாள்: சரி, இதுக்கு என்னை எதுக்குய்யா நடுவுல இழுக்கறீங்க?

ராஜப்பன்: கொட்டாய் நிக்கறது உங்க கொல்லையிலங்கக்கா. பெட்டி இங்கதானே வந்து இறங்கணும்? நீங்க யாரைச் சொல்றீங்களோ, அவன் தலையில ஏத்தறேன்னு கொட்டாய்க்காரர் சொல்லிட்டாரு. நீங்க என் பேரைச் சொல்லிட்டா முடிஞ்சுது. சங்கராந்திக்கு பெங்களூர்ல முதல் நாள், முதல் ஆட்டம் பாத்தவன் நான்.

ஜமீர்: நானும் முதல் நாள், முதல் ஆட்டம்தான். புளி மூட்டையை மண்டியில இறக்கிட்டு நேரா தியேட்டருக்குத்தான் போனேன்.

ராஜப்பன்: நான் போறப்ப விளக்கு அணைக்கவே இல்ல.

ஜமீர்: நான் போறப்ப விளக்கு போடவே இல்ல!

செல்வம்மாள்: உள்ள விளக்கு எரிஞ்சுதா இல்லையான்னு ரெண்டு பேருக்குமே தெரியல... அது மட்டும் தெரியுது.

ராஜப்பன்: அக்காவுக்கு எப்பவும் கேலிதான். ஆமா, அந்தச் சமயத்துல நீங்களும் பெங்களூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போனீங்க இல்ல? பாவம்... ஊரே ஒரு பக்கம் அந்தப் படத்துக்கு ஓட, நீங்க கண்ணுல மருந்தை விட்டுக்கிட்டு உக்காந்திருந்திருப்பீங்க.

செல்வம்மாள்: என்ன பண்றது, அவங்கவங்க தலையெழுத்து.

ராஜப்பன்: கவலைப்படாதீங்க. படத்தை நான் வாயாலயே காட்டிடறேன். அப்பப்பா... என்ன படம்! என்ன வசனம்! ஒவ்வொரு பாட்டும் ஒரு தேர்!

ஜமீர்: அந்த ஒண்ணைச் சொல்லு தலைவரே. சோகப் பாட்டு.

ராஜப்பன்: வந்துக்கிட்டே இருக்கேன் பாய், குறுக்க பேசாதே. தாய்க்காரி மகனைத் தொலைச்சுட்டு நிக்கறா. பாட்டு ஆரம்பிக்குது. கல்லும் கரையும். அவ குரல் மேல போகுது... மேல போகுது... பிடில் அழுவுது... சட்டுன்னு, தூரத்துல ஒரு குரல். “மொசரூ... மொசரம்மா மொசரூ...”

ஜமீர்: ஆஹா!

செல்வம்மாள்: மொசருன்னா... தயிரா? சோகப் பாட்டு நடுவுல யாருப்பா தயிர் விக்கறது?

ராஜப்பன்: அங்கதாங்கக்கா இருக்குது மியூசிக் டைரக்டரோட மூளை! நம்ம வீட்டுல துக்கம்னா உலகம் நின்னா போயிடுது? தயிர்க்காரி பாட்டுக்குத் தெருவுல போவா இல்ல? அதைக் காட்டியிருக்காரு. ஒரே ஒரு கூவல்ல தத்துவத்தையே கொட்டியிருக்காரு.

ஜமீர்: அதுவும் சரியா அவ அழுது மூச்சு வாங்கற எடத்துல வரும் பாருங்க... எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்கக்கா.

செல்வம்மாள்: மதராஸ்காரங்க எடுத்த தமிழ்ப் படம். அதுல கன்னடத் தயிர்க்காரி எப்படி வந்தா?

ராஜப்பன்: அதுதான் நமக்குப் பெருமை! ராஜ்யத்தைப் பிரிச்சு எல்லை போட்டாங்களே, நம்மளை ஒரு வார்த்தை கேட்டாங்களா? இந்த மனுஷன் நினைச்சுப் பாத்திருக்காரு. இந்தப் பக்கம் தமிழு, அந்தப் பக்கம் கன்னடம், நடுவுல கிடக்கறவனுக்கும் ஒரு எடம்னு பாட்டுலயே குடுத்திருக்காரு. அது மத்த ஊருக்காரனுக்குப் புரியாது. நம்ம ஊருக்குப் புரியும்.

செல்வம்மாள்: பஞ்சாயத்து ரேடியோவுல அந்தப் பாட்டு வந்துச்சே... தயிர்க்காரியைக் காணோமே?

ராஜப்பன்: ரேடியோவுல போடறது கிராமபோன் பிளேட்டுங்கக்கா. சின்னது. பாட்டு அடங்கறதே கஷ்டம், தயிருக்கு ஏது எடம்?

ஜமீர்: நம்ம முனிராஜ் பேண்டு வாசிக்கறதுதான் அசல். கிளாரினெட் பெருமாள் அந்த மொசருவை ஊதறப்ப, ஊரே கண்ணைத் துடைச்சுக்குது.

ராஜப்பன்: சொல்லிக் குடுத்தது யாரு?

ஜமீர்: நீ கூவிக் காட்டினே. ஏத்தம் எங்க, எறக்கம் எங்கன்னு திருத்தினது நானு.

செல்வம்மாள்: அதெல்லாம் இருக்கட்டும். காதால கேட்டதையே சொல்லிக்கிட்டிருக்கீங்க. கண்ணால பாத்ததைக் கேக்கறேன், சொல்லுங்க. அந்தப் பாட்டுல தாய்க்காரி என்ன நிறத்துல சேலை கட்டியிருந்தா?

ராஜப்பன்: சேலையா... மாம்பழ மஞ்சள்.

ஜமீர்: இல்லீங்கக்கா. கிளிப்பச்சை.

ராஜப்பன்: மஞ்சள்! பச்சை பார்டர் வேணும்னா இருந்திருக்கும்.

செல்வம்மாள்: நம்ம சுவத்துல ஒட்டின போஸ்டரு கறுப்பு வெள்ளையில இல்ல இருக்குது?

ராஜப்பன்: ...படமும் கறுப்பு வெள்ளைதாங்கக்கா. யாரு இல்லேன்னா? ஆனா அந்தம்மா நடிக்கற நடிப்புல நிறம் தன்னால தெரியும்.

ஜமீர்: அவருக்கு மஞ்சளாத் தெரிஞ்சுது, எனக்குப் பச்சையாத் தெரிஞ்சுது. அவ்வளவு பெரிய நடிப்பு.

செல்வம்மாள்: ஓஹோ. கடைசியில மகன் கெடைக்கறானா, இல்லையா?

ராஜப்பன்: கடைசியா? கடைசியில... பேச்சே கிடையாதுங்க. வீணை மட்டும். கேக்கக் கேக்க நெஞ்சு அடைச்சுக்கும். அப்புறம் ஜனங்க கை தட்டறாங்க, விசில் பறக்குது...

செல்வம்மாள்: வீணை வாசிக்கறப்ப திரையில என்ன நடக்குது?

ராஜப்பன்: அதைச் சொன்னா ருசி போயிடும்ங்கக்கா.

ஜமீர்: சுத்தமாப் போயிடும்.

செல்வம்மாள்: அப்ப நான் எப்படித் தீர்ப்பு சொல்றது? ரெண்டு பேரும் சத்தியம் பண்ணுங்க. நீ அம்மன் மேல பண்ணு. ஜமீரு, நீ உங்க சாமி மேல.

ராஜப்பன்: சினிமாவுக்கெல்லாம் அம்மனை இழுக்கறது தப்புங்கக்கா.

ஜமீர்: ரொம்பத் தப்பு. இந்த ஒரு விஷயத்துல தலைவர் சொல்றதுதான் சரி.

செல்வம்மாள்: சரி சரி... வெய்யில் ஏறுது. உள்ள போயி மோர் கொண்டாறேன். அதுக்குள்ள நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க. அடிச்சுக்காதீங்க, கொட்டாய்க்குக் கட்டின கயிறெல்லாம் இருக்குது, தடுக்கி விழுந்துருவீங்க.

ஜமீர்: ...போயிட்டாங்க.

ராஜப்பன்: போயிட்டாங்க. பாய், மரியாதையா விட்டுக் குடுத்துடு.

ஜமீர்: விட்டுக் குடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த வீணைக்குத் திரையில என்ன வந்துச்சு?

ராஜப்பன்: நீதான் பாத்தியே. நீயே சொல்லு.

ஜமீர்: எனக்கு அப்ப... கண்ணுல தண்ணி.

ராஜப்பன்: எனக்கும்தான்.

ஜமீர்: நீ எங்க உக்காந்திருந்தே?

ராஜப்பன்: நடுவுல. நீ?

ஜமீர்: நான்... சுவரோரமா.

ராஜப்பன்: எந்தச் சுவரு?

ஜமீர்: வலது பக்கம்.

ராஜப்பன்: உள்ள இருந்து பாத்தா வலதா... வெளிய இருந்து பாத்தா வலதா?

ஜமீர்: வெளிய இருந்து.

ராஜப்பன்: அடப்பாவி மனுஷா!

ஜமீர்: கத்தாதே! கூட்டம் அப்படி தலைவரே. டிக்கெட் ஜன்னல் கிட்டப் போனவன் சட்டையோட திரும்பல. வந்தது வந்தோம், பாட்டாவது கேப்போம்னு பின்னாடி சந்துல... ஆமா, வெளிய இருந்து பாத்தா வலதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

ராஜப்பன்: பொதுவாக் கேட்டேன்.

ஜமீர்: பொதுவாவா? அந்தச் சுவத்துல என்ன இருக்குது, சொல்லு பாக்கலாம்?

ராஜப்பன்: என்ன இருக்கும்... காத்து போற ஓட்டை. அது வழியாத்தான் சத்தம் நல்லா வரும்...

ஜமீர்: தலைவரே!

ராஜப்பன்: எனக்கும் டிக்கெட் கிடைக்கல பாய். போதுமா? ரசிகர் சங்கத் தலைவரு டிக்கெட் இல்லாமத் திரும்பி வந்தாருன்னு ஊருல சொல்ல முடியுமா? துண்டைத் தலையில முக்காடு போட்டுக்கிட்டு நின்னேன்.

ஜமீர்: நானும் சாக்கைப் போத்திக்கிட்டுத்தான் நின்னேன்... ஆனா எல்லாத்தையும் கேட்டோமில்ல? ஒரு சொல்லு விட்டிருப்போமா?

ராஜப்பன்: ஒரு மூச்சு விட்டிருக்க மாட்டோம்! உள்ள இருந்தவன் வேர்க்கடலை கொறிச்சிருப்பான், பக்கத்து ஆளுகிட்டப் பேசியிருப்பான். நாமதான்யா அந்தப் படத்தை முழுசாக் கேட்டவங்க.

ஜமீர்: அதைச் சொல்லு! உள்ள இருந்த எவனாவது அந்த மொசருவைப் பத்திப் பேசினானா? ரேடியோக்காரனுக்கே தெரியல... நமக்கு மட்டும்தான்...

ராஜப்பன்: ஆமா. நமக்கு மட்டும்தான்.

ஜமீர்: ...தலைவரே.

ராஜப்பன்: என்ன?

ஜமீர்: அந்தத் தயிர்க்காரி... சுவத்துக்கு எந்தப் பக்கம்?

ராஜப்பன்: எந்தப் பக்கம்னா?

ஜமீர்: சந்துல ஒருத்தி கூடையோட வந்தா. எனக்கு இப்ப ஞாபகம் வருது. கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம் தெறந்து பாத்தா, கூடை போய்க்கிட்டிருந்துச்சு.

ராஜப்பன்: வாயை மூடு... அய்யோ... தத்துவம்னு சொல்லிட்டேனே!

ஜமீர்: போன மாசம் நாராயணப்பன் வீட்டுக் காதுகுத்துக்கு ராயக்கோட்டைப் பேண்டு வந்துச்சு. அந்தப் பாட்டுல மொசரு வாசிக்கலேன்னு, பாட்டே தெரியாத பசங்கன்னு வெரட்டி விட்டாங்க.

ராஜப்பன்: வெரட்டச் சொன்னதே நான்தான்யா.

ஜமீர்: வெள்ளிக்கிழமை ஊரே கொட்டாய்ல உக்காந்திருக்கும். பாட்டு வரும். எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க. மொசரு வராது. கொட்டாய்க்காரன் ரீலை வெட்டிட்டான்னு கூரையைப் பிச்சுடுவாங்க.

ராஜப்பன்: அவன் வெட்டலேன்னு சொல்லுவான். அப்ப யாரு கிளப்பி விட்டதுன்னு கேப்பாங்க. ரசிகர் சங்கம்னு சொல்லுவாங்க.

ஜமீர்: சங்கம்னா நீ ஒருத்தன்தானே.

ராஜப்பன்: ஏத்த எறக்கம் திருத்தினவன் நீ!

ஜமீர்: சரி, வழியைப் பாப்போம். கொட்டாய்க்குச் சுவரா இருக்குது? வெறும் படுதா. வெளிய நின்னு ஒரு குரல் விட்டா உள்ள நல்லாக் கேக்கும். அவ மூச்சு வாங்கற எடத்துல ஒரே ஒரு மொசரு.

ராஜப்பன்: பாய்! உன் கையைக் குடு. ஊரும் தப்பிச்சுது, பாட்டும் தப்பிச்சுது. ஆனா கூவறது நானு.

ஜமீர்: அது பொம்பளைக் குரல் தலைவரே. உன் தொண்டைக்கு எருமைதான் திரும்பிப் பாக்கும். நான் கூவறேன்.

ராஜப்பன்: முதல்ல கேட்டவன் நான். எனக்குத்தான் உரிமை. மொசரூ...

ஜமீர்: இழுக்காதே! மொசரம்மா... இப்படிக் கடைசியில நெளியணும்.

ராஜப்பன்: மொசரம்மா மொசரூ...

செல்வம்மாள்: என்னப்பா இது... மோர் கொண்டாரப் போனா, இங்க தயிர் வித்துக்கிட்டு இருக்கீங்க?

ஜமீர்: ஒண்ணுமில்லீங்கக்கா... தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டோம்.

ராஜப்பன்: அக்கா, ஒரு முடிவுக்கு வந்துட்டோம். பெட்டியை நாங்க ரெண்டு பேரும் தூக்கல. தியாகம் பண்றோம். சங்கத்தோட ஒத்துமைதான் பெரிசு. உள்ள உக்காந்து எடத்தையும் அடைக்கப் போறதில்ல. ஏற்கெனவே பாத்த படம்தானே? வெளிய நின்னு கொட்டாய்க்குக் காவல் இருக்கறோம்.

செல்வம்மாள்: நல்லது. உங்களுக்கும் பழக்கமான எடம்தான். ஆனா பாட்டு வர்றப்ப ரெண்டு பேரும் சேந்து கூவித் தொலைக்காதீங்க. அந்தத் தயிர்க்காரி ஒருத்திதான் கூவினா. ஜமீரே கூவட்டும், ராஜப்பனுக்குக் குரல் கட்டை.

ஜமீர்: யா அல்லா...

ராஜப்பன்: அக்கா... நீங்க உள்ள நின்னு நாங்க பேசினதை ஒட்டுக் கேட்டீங்களா?

செல்வம்மாள்: ஒட்டுக் கேக்கறது உங்க வேலை. எனக்கு எதுக்கு?

ராஜப்பன்: அப்புறம் தயிர்க்காரி ஒருத்திதான்னு உங்களுக்கு எப்படி... நீங்க அன்னிக்குக் கண்ணாஸ்பத்திரிக்கு இல்ல போனீங்க? உங்க மகன்தானே பஸ் ஏத்தி விட்டான்?

செல்வம்மாள்: போனேன். கண்ணுல ஒரு கொறையும் இல்ல, வீட்டுக்குப் போம்மான்னு அனுப்பிட்டாங்க. நல்லாத் தெரியற கண்ணை வெச்சுக்கிட்டு என்ன பண்றது... பொம்பளைங்க டிக்கெட்டுக்குக் கூட்டமும் இல்ல.

ஜமீர்: அப்ப... அந்த வீணை வாசிக்கறப்ப... திரையில என்னங்கக்கா வந்துச்சு? மகன் கெடைச்சானா?

செல்வம்மாள்: அதைச் சொன்னா ருசி போயிடுமில்ல?

ராஜப்பன்: அக்கா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்... எங்களை எப்பப் பாத்தீங்க?

செல்வம்மாள்: அந்தச் சோகப் பாட்டுக்கு அழுகை தாங்கல, மூக்குச் சிந்த வெளிய வந்தேன். பொம்பளைங்க வாசல் அந்தச் சந்துலதான் இருக்குது, தயிர்க்காரியும் என்னைத் தாண்டித்தான் கூவிக்கிட்டுப் போனா. ஒருத்தன் துண்டு, ஒருத்தன் சாக்கு... ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டிக்கிட்டு, சுவத்துல ஆளுக்கொரு காதை ஒட்டிக்கிட்டு, ரெண்டு பேரும் என்னைவிட ஜாஸ்தியா அழுதுக்கிட்டு நின்னீங்க. சரி, மோரைக் குடிச்சுட்டுப் போயி மாலைக்குச் சொல்லுங்க, நல்லாப் பெரிசாக் கட்டட்டும்... முதல்ல பாத்த ஆளுதானே பெட்டியைத் தூக்கணும்? தீர்மானம் உன்னுதுதானே ராஜப்பா?