இரண்டு சாய்தளங்களும் ஒரு சக்கர நாற்காலியும்

சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்கி எங்களையெல்லாம் திகைக்க வைத்த தலைவர் அவர்களே! கோப்புகளுக்கு ஒருநாள் ஓய்வு தந்துவிட்டுக் குடும்பத்தோடு வந்திருக்கும் அரசு அதிகாரிகளே! அழைக்காத வீட்டுக்கும் ஆபத்தென்றால் ஓடிப்போய் நிற்கும் தொண்டர் சங்கத்துத் தோழர்களே! அறிவாலும் அகவையாலும் அவைக்கு அழகு சேர்க்கும் ஆன்றோர்களே! பிள்ளையை மடியிலும் பேச்சைச் செவியிலும் ஏந்தி அமர்ந்திருக்கும் அன்னையரே! உங்கள் அனைவருக்கும் முதலில் என் வணக்கம். வம்பு பின்னால் வருகிறது.

'அரசும் தொண்டும் இணைந்து நடப்பது எப்படி?' இது எனக்குத் தந்த தலைப்பு. இதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் இந்த அரங்கிலேயே இல்லை. தற்பெருமை என்று எண்ணாதீர்கள். எனக்கு வலப்பக்கம் மிடுக்காக அமர்ந்திருக்கிறாரே கட்டடத் துறைப் பொறியாளர், அவர் என் உடன்பிறந்த அண்ணன். இடப்பக்கம் தலை குனிந்துகொண்டு அமர்ந்திருக்கிறாரே சக்கர நாற்காலித் தொண்டர் சங்கச் செயலாளர், அவர் என்னைக் கட்டிக்கொண்ட கணவர். அரசு என் பிறந்த வீடு, தொண்டு என் புகுந்த வீடு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம்தான் இப்போது உங்கள் முன்னால் பேசிக்கொண்டிருக்கிறது!

அண்ணன் மாடியில் குடியிருக்கிறார், நாங்கள் கீழே. ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. ஆனால் பேச்சு? "மச்சான், நம்ம மருத்துவமனைக்குச் சாய்தளம் கட்டப் போறீங்களாமே? எப்படிக் கட்டப் போறீங்க?" என்று இவர் படிக்கட்டில் கேட்பார். "ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல வந்து கேளுங்க மாப்பிள்ளை" என்பார் அவர். "அவ்வளவு கெத்தா? நாங்களே ஒண்ணு கட்டிக்கிறோம், போங்க!" என்பார் இவர். கீழே வந்து குழம்பு வாங்கிக்கொண்டு போகும்போது மட்டும் அண்ணனுக்கு அந்த அலுவலக முறை நினைவுக்கு வராது. என்னம்மா, முன்வரிசையில் அப்படிச் சிரிக்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் இதே கதைதானா?

அதே மருத்துவமனையில்தான் நான் இயன்முறை சிகிச்சை தருகிறேன். விழுந்தவர்களை எழுப்பி, எழுந்தவர்களை நடக்க வைப்பது என் தொழில். என்னிடம் வந்து சேர வேண்டியவர் ஒருவர் இருந்தார். கைப்பந்து ஆட்ட நடுவர். 'விசில் அக்கா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். எத்தனை பெரிய ஆட்டக்காரனும் அவர் விசிலுக்கு முன் பெட்டிப்பாம்பு. அவர் ஒருநாள் மாடிப்படியில் தவறி விழுந்தார். முதுகில் அடி, கால்கள் ஓய்ந்துவிட்டன. தொடக்க மாதங்களில் விடாமல் பயிற்சி செய்தால் மீண்டும் நடப்பார், தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்த வாய்ப்பு நழுவிக்கொண்டே போகும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பயிற்சிக்கான கம்பிகளும் கருவிகளும் இருப்பது என் அறையில். என் அறைக்கு வரும் வழியில் இருப்பதோ படிகள்!

தூக்கிக்கொண்டு போகலாமே என்கிறீர்களா? தூக்கினார்கள். நாலு பேர் நாலு பக்கம் பிடித்தார்கள், ஒருவர் கை நழுவியது. அக்கா அன்றே சொல்லிவிட்டார்: "என்னை மூட்டை மாதிரித் தூக்கறதா இருந்தா இனிமே நான் வரலை. நானா உள்ள போக வழி பண்ணுங்க, அப்போ வர்றேன்."

வழி பண்ணினார்களா? பண்ணினார்கள்! ஒன்றல்ல, இரண்டு பண்ணினார்கள்! எங்கள் தலைமை மருத்துவர் தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும் "தாராளமா செய்யுங்க" என்பார். அண்ணன் போய்க் கேட்டார், தாராளமா. கணவர் போய்க் கேட்டார், தாராளமா. முன்பக்கம் துறை கட்டியது, பின்பக்கம் சங்கம் கட்டியது. போட்டி போட்டுக்கொண்டு வேலை நடந்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் திறப்பு விழா! முன்னே ஓர் ஒலிபெருக்கி, பின்னே ஓர் ஒலிபெருக்கி. முன்பக்கம் அமைச்சருக்குக் கைதட்டினார்கள். பின்பக்கம் பேசிக்கொண்டிருந்த என் கணவர் அது தமக்குத்தான் என்று நினைத்துப் பேச்சை நிறுத்தி நன்றி சொன்னார். நடுவில் என் அறையில் விரிப்பு விரித்து, கம்பிகளைத் துடைத்து வைத்துவிட்டு, அக்காவுக்காகக் காத்திருந்தேன் நான்.

அக்கா வந்தார். முன்பக்கச் சாய்தளத்தில் ஏறினார். வழுவழுவென்று, வரைபடத்தில் இருந்தபடியே அழகான சாய்தளம். உச்சிக்குப் போனால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது! சக்கர நாற்காலி நிற்கச் சமதளம் இல்லை. கதவை இழுத்தால் அக்கா பின்னால் உருள வேண்டும், அக்கா நின்றால் கதவு திறக்காது. ஒருவர் கதவைப் பிடித்து இன்னொருவர் தள்ளினால்தான் உண்டு, அக்கா கேட்டபடி தானாகப் போக வழியில்லை. "பின்பக்கம் போய்ப் பாருங்கம்மா" என்றார்கள். பின்பக்கம் போனார். அங்கே விசாலமான வாசல், வேண்டிய அளவு சமதளம். ஆனால் அந்தக் கதவுக்கு உள்ளே இருப்பது மருந்துக் கிடங்கு. எப்போதும் பூட்டியிருக்கும், நோயாளிகளை விடக்கூடாது. அது என்ன அறை என்று சங்கத்தில் ஒருவரும் கேட்கவில்லை, அங்கேயே வேலை செய்யும் என்னிடம்கூட. "முன்பக்கம் போய்ப் பாருங்கக்கா" என்றார்கள்.

அக்கா கட்டடத்தின் பக்கவாட்டில் பாதி வழியில் நாற்காலியை நிறுத்தினார். கழுத்திலிருந்த விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள்! முன்னே அமைச்சர் வாயை மூடினார். பின்னே என் கணவர் வாயை மூடினார், அது இன்னும் பெரிய சாதனை. இரண்டு கூட்டமும் ஓடி வந்தன. நானும் வெளியே வந்தேன்.

"ரெண்டு வீட்லயும் கல்யாணமாம், நடுவுல செத்துச்சாம் நாய்க்குட்டி. என் கதை அப்படித்தான் ஆச்சு" என்றார் அக்கா. "ஏம்ப்பா, உங்கள்ல ஒருத்தராவது இந்தக் கட்டடத்தைச் சுத்தி ஒரு நடை நடந்தீங்களா?"

யார் நடந்தார்? துறை நடந்ததா? சங்கம் நடந்ததா? முன்பக்கத்தவர் பின்பக்கம் வந்திருந்தால் கிடங்கைச் சொல்லியிருப்பார்கள். பின்பக்கத்தவர் முன்பக்கம் வந்திருந்தால் கதவைச் சொல்லியிருப்பார்கள். அரசிடம் சிமெண்டு இருந்தது, செயல்திறன் இருந்தது. சங்கத்திடம் நேரம் இருந்தது, நெஞ்சில் ஈரம் இருந்தது. இத்தனையும் இருந்தும் அக்கா அன்று வீட்டுக்குத் திரும்பிப் போனார். விரித்த விரிப்பை நான் சுருட்டி வைத்தேன். பெரியோர்களே, அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்! அன்று இரண்டு பேருக்கும் வீட்டில் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை.

அதற்குப் பலன் இருந்தது. மறுநாளே மச்சானும் மாப்பிள்ளையும் ஒன்றாக அந்தக் கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். முன்வாசலில் பக்கவாட்டில் நகரும் கதவு வந்தது, சமதளம் வந்தது. பின்பக்கச் சாய்தளமும் வீண்போகவில்லை, மருந்துப் பெட்டிகள் அதில் சொகுசாக ஏறுகின்றன. அன்று பிறந்ததுதான் இன்று நாம் தொடங்கி வைக்கும் 'ஒரு சுற்று நடை'. வரைபடம் போடும் முன்னே, துறையிலிருந்து ஒருவர், சங்கத்திலிருந்து ஒருவர், அந்த இடத்தைப் பயன்படுத்தப் போகிறவர் ஒருவர், மூவரும் சேர்ந்து சுற்றி வந்தாக வேண்டும். முடிந்த பிறகு அழைத்துத் தேநீர் கொடுப்பதற்குப் பெயர் கலந்தாய்வு அல்ல! தொடங்கும் முன் அழைத்துக் கேளுங்கள்! கேட்டுவிட்டுக் கட்டுங்கள்! கட்டும்போதும் கேளுங்கள்!

அக்கா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சமதரையில் மெல்ல நடக்கிறார். படி ஏற இன்னும் முடியாது. கதவு மாறும்வரை கைவிட்டுப்போன வாரங்களை எந்தத் துறையாலும் ஒதுக்கித் தர முடியாது, எந்தச் சங்கத்தாலும் திரட்டித் தர முடியாது.

அந்த அக்காவுக்குத்தான் இன்றைய முதல் பாராட்டு. இதோ முதல் வரிசையில் இருக்கிறார். தலைவர் கேடயத்தோடு தயாராக எழுந்துவிட்டார். அக்கா, மேடைக்கு…

அடடா.

இந்த மேடைக்கு எத்தனை படி என்று எல்லோரும் பாருங்கள். பக்கத்தில் எங்காவது சாய்தளம் தெரிகிறதா? அண்ணன் என் கணவரைப் பார்க்கிறார். கணவர் அண்ணனைப் பார்க்கிறார். இந்த மேடையைத் துறையும் சங்கமும் சேர்ந்துதான் போட்டார்கள். முன்பெல்லாம் தனித்தனியாக மறந்தார்கள், இப்போது சேர்ந்து மறந்திருக்கிறார்கள். முன்னேற்றம்தான்! ஆனால், இரண்டு கைகள் கோத்தால் மட்டும் போதுமா? யாருக்காகக் கோத்தோமோ அவரிடம் கேட்க வேண்டாமா?

யாரது அங்கே, "தூக்கிட்டு வாங்க" என்பது? கூடாது தம்பி. அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. தலைவர் அவர்களே, தயவுசெய்து கேடயத்தோடு கீழே வாருங்கள். அண்ணா, நீங்க முதல்ல எறங்குங்க. என்னங்க, அந்த மைக் வயரை இழுத்துப் பிடிங்க. அதிகாரிகளே, தோழர்களே, மேடையில் ஒருவரும் மிச்சமில்லாமல் இறங்குங்கள்!

நானும் இறங்கிவிட்டேன். அக்கா, நாங்க வந்துட்டோம். நீங்க இருக்கிற இடம்தான் இனி மேடை.

இறங்கி வந்த எல்லோருக்கும் நன்றி. பொறுமையோடு கேட்ட உங்களுக்கு, உங்களோடு சமமாக நின்று சொல்கிறேன்: வணக்கம்!